காத்துக்கு அடைச்ச வேலி

வெளியிலை கிடக்கிற குளிர்காத்திலை இருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள்ளை விடுகிற மிசின் எண்டு நான் சொன்னவுடனை எங்கடை சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே, இண்டைக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். "குளிருக்கை என்னடி சூடு? ஐஸ்பெட்டிக்கை கையை விட்டுக் குளிர் காயப் போறியோ?" எண்டு அக்கா ரெலிபோனிலை கேட்டா. அத்தான் பின்னாலை நிண்டு சிரிச்சது எனக்குக் கேட்டது. எண்ணெய் எரிச்சு வீட்டைச் சூடாக்கிற ஹைசுங் இல்லாத வீடு ஒரு வீடோ எண்டு அவர் கேட்டார். சிரியுங்கோ, வடிவாய்ச் சிரியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு ரெலிபோனை வைச்சன்.

எர்லாங்கனுக்கு வெளியிலை ஒரு சின்ன ஊரிலை புதுசாய்க் கட்டின வீடு அது. கட்டித் தந்தவன் சொன்ன விளக்கம் எனக்கு நல்லாய் விளங்கினது. எவ்வளவு குளிர்காத்து எண்டாலும் அதுக்குள்ளை கொஞ்சம் சூடு இருக்கும். மிசின் அதைப் பிழிஞ்செடுத்துத் தண்ணியிலை ஏத்தும். அந்தத் தண்ணி வீட்டு நிலத்துக்குக் கீழை குழாயிலை ஓட, நிலம் முழுக்க இளஞ்சூடாய் இருக்கும். டொச்சிலை, அதுதான் ஜேர்மன் பாசையிலை, அதுக்கு வேர்மபும்ப எண்டு பேர். நாங்கள் வீட்டிலை மிசின் எண்டுதான் சொல்லுறது. எனக்கு அதிலை ஆசை விழுந்ததே அந்த நிலத்தாலைதான், ஏனெண்டால் என்ரை கணக்கெல்லாம் தவழுற பிள்ளையளோடை.

பதினொரு வருசம் நான் ஒரு பள்ளிக்கூடத்திலை துப்பரவு வேலை செய்தன். எங்கடை பிள்ளையள் இரண்டும் வளந்து படிக்க வெளியூருக்குப் போட்டினம். வீடு வெறிச்செண்டு கிடந்தது. எனக்கு டாகஸ்முற்றர் ஆக வேணும் எண்டு ஆசை வந்திட்டுது. வேலைக்குப் போற தாய்தேப்பனின்ரை சின்னப் பிள்ளையளைப் பகலிலை தன்ரை வீட்டிலை வைச்சுப் பார்க்கிறவைக்கு இஞ்சை அதுதான் பேர். சும்மா கிடையாது. படிப்பு இருக்கு, சோதினை இருக்கு. வேலை முடிஞ்சு வந்து, முழங்கால் நோவோடை, டொச்சிலை எழுதிப் பாஸ் பண்ணினன். மூண்டு பிள்ளைக்கு எண்டு அன்ட்றாக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் குடுத்தன். மிச்சம் இருந்தது ஒண்டே ஒண்டு. சிறுவர் அலுவலகத்திலை இருந்து ஒரு மனிசி வந்து வீட்டைப் பார்த்து ஓம் எண்டு சொல்ல வேணும். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், ஒரு வியாழக்கிழமை, காலமை பத்து மணிக்கு வருவம் எண்டு தெர்மீன் தந்தவை.

அந்தக் கிழமைதான் குளிர் விசர் பிடிச்சுப்போய் வந்தது. திங்கக்கிழமை காலமை வெளியிலை மைனஸ் பதினேழு. பிள்ளையளுக்கு எண்டு நான் மஞ்சள் பெயின்ற் அடிச்சு வைச்சிருந்த அறையிலை போய்ப் பார்த்தால், பதினாறு டிகிரி. தவழுற பிள்ளை இருக்கிற அறை இருபத்தொண்டுக்குக் குறையக் கூடாது எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை. மூண்டு நாளிலை ஐஞ்சு டிகிரி ஏத்த வேணும், மிசின் எண்டால் வெளியிலை நிண்டு சும்மா முனகிக்கொண்டு நிக்குது.

ஹைசுங்காரனுக்கு ரெலிபோன் எடுத்தன். பாவம், நல்ல மனிசன். ஆனால் அவனுக்கு அண்டைக்கு ஊர் முழுக்க ரெலிபோன் எடுக்குது. இரண்டு கிழமைக்குப் பிறகுதான் வர ஏலும் எண்டான். நான் அழாக்குறையாய் நிண்டது அவனுக்குக் கேட்டிருக்க வேணும், நாலு விசயம் சொல்லித் தந்தான். எல்லா அறையின்ரை ஹைசுங்கையும் திறந்து விடுங்கோ. இரவிலை குறைக்கிறது, பகலிலை கூட்டிறது எண்டு விளையாடாதேங்கோ, ஒரே அளவிலை ஓடட்டும். நிலத்தை ஒண்டாலையும் மூடாதேங்கோ. மிசினிலை ஐஸ் கட்டியிருந்தால் இடிச்சுக்கிடிச்சு எடுக்காதேங்கோ, பின்னாலை இருக்கிற தகடு நெளிஞ்சால் கதை முடிஞ்சுது.

அவன் சொன்ன ஒவ்வொண்டையும் நாங்கள் தலைகீழாய்ச் செய்துகொண்டிருந்தம்! அகதி முகாமிலை இருந்த காலத்திலை பழகின பழக்கம், அறையை விட்டு வெளிக்கிடேக்கை ஹைசுங்கைப் பூட்டிப்போட்டுத்தான் வெளிக்கிடுவம். அங்கை இருந்த பொறுப்பாளன் பூட்டாட்டில் கத்துவான். இருபது வருசமாய் அவன் எங்கடை தலைக்குள்ளை இருந்து கத்திக்கொண்டே இருந்திருக்கிறான். நான் வீடு முழுக்க ஓடி எல்லாத்தையும் திறந்தன். வீடு குடிபூரலுக்கு அக்கா தந்த தடிச்ச சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டி நிலக்கீழ் அறையிலை போட்டன். சமையல் மணம் உடுப்பிலை ஏறக்கூடாது எண்டு நாள் முழுக்கச் சரிச்சு வைச்சிருக்கிற குசினி யன்னலையும் இழுத்துச் சாத்தினன். இனிச் சரி எண்டு நினைச்சன்.

செவ்வாய்க்கிழமை காலமை பார்த்தால் பதினைஞ்சரை. ஏறேல்லை, இறங்கிப்போச்சுது! கோதாரி விழுந்த மிசின் எண்டு வாய்விட்டுத் திட்டினன். என்ரை மனிசன் விடிய முதலே பாண் சுடுற ஃபக்டரிக்கு வேலைக்குப் போட்டார், பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வருவார். ஒருத்தரும் இல்லாத வீட்டிலை நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பின்வளவுக்குப் போனன். இண்டைக்கு நீயோ நானோ பார்ப்பம் எண்டு.

இனி அந்த வேலியைப் பற்றிச் சொல்ல வேணும். எங்கடை ஆம்பிளையளுக்கு ஒரு துண்டுக் காணி குடுத்தால் முதல் என்ன செய்வினம்? வேலி அடைப்பினம். எங்கடை தெருவிலை வேலி அடைக்க விடமாட்டினம், எல்லா வளவும் வெட்டைவெளியாய்க் கிடக்கும். இவருக்கு அது பெரிய மனக்குறை. வீட்டுக்கு வந்த புதுசிலை, புரட்டாதி மாதம், மிசினோடை வந்த புத்தகத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சவர், திடீரெண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், இதை வந்து பாரும். லுஃப்ட்குர்ட்ஸ்ஷ்லுஸ் வராமல் பார்க்கச் சொல்லிக் கிடக்கு."

லுஃப்ட் எண்டால் காத்து. குர்ட்ஸ்ஷ்லுஸ் எண்டால் கறன்ற் சோட் அடிக்கிறது. இரண்டையும் சேர்த்து இவர் ஒரு விளக்கம் கண்டுபிடிச்சார். "காத்துப் பட்டால் சோட் அடிக்குமாம். கண்டீரோ, உவங்கள் மிசினை வெட்டையிலை விட்டிட்டுப் போட்டாங்கள். நல்லாய் அடைச்சு விட வேணும்."

நானும் ஓம் எண்டன். அதை ஒளிக்கக் கூடாது. டொச்சிலை சோதினை எழுதிப் பாஸ் பண்ணின நானும் பக்கத்திலை நிண்டு ஓமோம் எண்டு தலையாட்டினன். இவர் இரண்டு சனிக்கிழமை நிண்டு அடைச்சார். மிசினுக்கும் பலகைக்கும் நடுவிலை ஒரு சாண் இடம், நாலு பக்கமும் பலகை, மேலை ஒரு கூரை. பக்கத்திலை, தலையை விட்டுப் பார்க்கிற அளவுக்கு ஒரு சின்னப் பொட்டு, அதுதான் திறப்பு. என்ன வடிவு தெரியுமோ! படம் எடுத்து அக்கா வீட்டுக்கும் அனுப்பினவர். அத்தான் முதல்தரமாய் எங்கடை வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அந்த வேலிக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை நான் போய் நிண்டது அந்த வேலிக்கு முன்னாலை. பொட்டுக்குள்ளாலை தலையை விட்டுப் பார்த்தன். மிசினின்ரை பின்பக்கத் தகடு முழுக்க வெள்ளையாய் ஐஸ், ஒரு விரல் தடிப்பு. கீழைத் தட்டிலையும் ஐஸ் இறுகிப்போய்க் கிடந்தது. வேலிக்கு வெளியிலை நிக்கேக்கை குளிர் முகத்தைக் கடிச்சது, சரி. வேலிக்கு உள்ளை கையை விட்டால் அதைவிடக் குளிர்! அதுதான் எனக்கு விளங்கேல்லை. நாலு பக்கமும் அடைச்ச இடம் வெளியைவிட எப்பிடிக் குளிரும்?

நான் உள்ளை வந்து ஊதுபத்தி ஒண்டு எடுத்தன். சாமிக்கு இல்லை. குசினியிலை மீன் பொரிச்சால் நான் ஊதுபத்தி கொளுத்திறனான், மணம் எந்தப் பக்கம் போகுது எண்டு அந்தப் புகை காட்டிக் குடுக்கும். அதைக் கொளுத்திக்கொண்டு போய்ப் பொட்டுக்குள்ளாலை கையை நீட்டி, மிசினின்ரை காத்தாடிக்கு முன்னாலை பிடிச்சன். புகை பாய்ஞ்சு போய்ப் பலகையிலை மோதினது. வெளியிலை போக வழியில்லை. மேலை ஏறினது, கூரையிலை முட்டினது, திரும்பிப் பின்பக்கம் வந்து மிசினுக்குள்ளையே போட்டுது. நான் ஊதுபத்தியை எடுத்துத் திரும்பவும் பிடிச்சன். திரும்பவும் அதே சுத்து. சூட்டைப் பிழிஞ்செடுத்திட்டு வெளியிலை துப்பின குளிர்காத்தை மிசின் தானே திருப்பி இழுக்குது. சக்கையைத் திரும்பத் திரும்பப் பிழிஞ்சால் பால் வருமோ?

அந்த இடத்திலைதான், பனிக்குள்ளை குந்தி இருந்தபடி, எனக்கு அந்தச் சொல்லு விளங்கினது. லுஃப்ட்குர்ட்ஸ்ஷ்லுஸ். கறன்ற் இல்லை, காத்து! காத்துத்தான் சோட் அடிக்கிறது. போக வேண்டிய தூரம் போகாமல் குறுக்காலை திரும்பி வாறது. எதைச் செய்யாதே எண்டு புத்தகம் சொன்னதோ, அதைப் பலகை அடிச்சு, ஆணி அடிச்சு, கூரையும் போட்டு வடிவாய்ச் செய்து வைச்சிருக்கிறம்! எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது, சிரிப்புப் போட்டுது.

இவர் வந்தவுடனை, கோப்பி கூடக் குடிக்க விடாமல், விசயத்தைச் சொன்னன். வேலியைக் கழட்ட வேணும் எண்டன். முகம் சுண்டிப்போச்சு.

"நீர் என்ன இஞ்சினியரோ? காத்துப் பட்டால் சோட் அடிக்கும் எண்டு புத்தகத்திலை கிடக்கு."

"அப்பிடிக் கிடக்கேல்லை. நாங்கள் பிழையாய் வாசிச்சிட்டம். இந்தா படத்தைப் பாருங்கோ, காத்துப் போற வழிக்கு அம்புக்குறி போட்டிருக்கு. அந்த அம்புக்குறி எல்லாம் உங்கடை பலகையிலை போய் முட்டுது."

"ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப்போட்டு வந்து எனக்குப் படிப்பிக்கிறீர்."

எனக்கு வந்த கோபம்! "இஞ்சருங்கோ, வியாழக்கிழமை அந்த மனிசி வந்து இந்த அறையிலை நிண்டு, வாயாலை புகை வரக் கதைச்சா எண்டால், என்ரை அன்ட்றாக் அந்த இடத்திலையே முடிஞ்சுது. நான் திரும்பவும் பள்ளிக்கூடக் கக்கூஸ் கழுவப் போக வேணும். வேலி உங்களுக்கு, கக்கூஸ் எனக்கோ?"

அவர் எழும்பிப் போய்ப் படுத்திட்டார். அண்டைக்கு முழுக்க நாங்கள் கதைக்கேல்லை. அவர் நாரி முறிய அடைச்ச வேலி அது, எனக்கும் தெரியும். ஆனால் நான் முழங்கால் முறியப் படிச்ச படிப்பும் ஒண்டு இருக்கெல்லோ.

புதன்கிழமை அவர் வேலைக்குப் போனாப்பிறகு, வெளிச்சம் வந்தவுடனை, திருப்புளியும் அலவாங்கும் எடுத்துக்கொண்டு இறங்கினன். ஆணி எல்லாம் உறைஞ்சு போய்க் கிடந்தது. பதினொரு வருசம் வாளி தூக்கின கை இது, விட்டிடுவனோ? முதல் கூரையை நெம்பினன். அது திடீரெண்டு கழண்டு, நானும் கூரையுமாய்ப் பனிக்குள்ளை விழுந்தம். விழுந்த இடத்திலை கிடந்து சிரிச்சன். பிறகு முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கப் பலகையும். ஒண்டையும் உடைக்கேல்லை. ஒவ்வொண்டாய்க் கழட்டி, வரிசையாய்ச் சுவரிலை சாத்தி வைச்சன். அவரின்ரை கைவேலை, அதுக்கு ஒரு மரியாதை வேணும்.

மிசினை நிப்பாட்டிப்போட்டு, கீழைத் தட்டிலை இருந்த தண்ணி போற ஓட்டையைத் தேடினன். ஐஸ் அடைச்சுப்போய்க் கிடந்தது. உருகிற தண்ணி போக வழியில்லாமல் அங்கேயே நிண்டு திரும்பவும் உறைஞ்சிருக்கு. கத்தி எடுக்கவும் பயம், இடிக்கவும் பயம். கேத்திலிலை இளஞ்சூட்டுத் தண்ணி கொண்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாய் அந்த ஓட்டையிலை மட்டும் விட்டன். நாலு தரம் குசினிக்கும் வளவுக்கும் நடந்தன். அஞ்சாம்தரம் மடக் எண்டு ஒரு சத்தம், தண்ணி இறங்கிப் போச்சுது. மிசினைத் திரும்பப் போட்டன்.

கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. பிறகு அது தன்ரை ஐஸைத் தானே உருக்கத் தொடங்கினது. முந்தியும் அப்பிடிச் செய்யப் பார்த்ததுதான், ஆனால் வேலிக்குள்ளை நிண்டு முக்கிப்போட்டு விட்டிடும். இந்தமுறை பெரிய வெண்புகையாய் ஆவி எழும்பினது. பின்தகட்டிலை இருந்த ஐஸ் பாளம்பாளமாய்க் கழண்டு விழுந்தது. தண்ணி கொளகொள எண்டு ஓட்டையாலை போனது. ஆவி அடங்க, காத்தாடி திரும்பவும் சுத்தத் தொடங்கினது. முன்னாலை கிடந்த பனித்தூளை எல்லாம் வளவின்ரை அந்தப் பக்கத்துக்கு ஊதித் தள்ளினது. "போ! அப்பிடிப் போ! தூரப் போ!" எண்டு நான் தனிய நிண்டு கத்தினன். பக்கத்து வீட்டு மனிசி யன்னலைத் திறந்து பார்த்திட்டு மூடினா. பார்த்தால் பார்க்கட்டும்.

இரண்டு மணிக்கு இவர் வந்தார். சுவரிலை சாத்தியிருந்த பலகையளைப் பார்த்தார். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, வெறுங்காலோடை மஞ்சள் அறைக்குள்ளை போய் நிண்டார். பதினாறரை. "ஏறேல்லையே," எண்டு சொல்லிக்கொண்டு சுவரிலை இருந்த திருகியை முப்பதுக்குத் திருப்பக் கையைக் கொண்டு போனார்.

"கை வையாதேங்கோ! ஒரே அளவிலை ஓட வேணும். நிலம் தடிச்ச சீமெந்து, மெல்லமாய்த்தான் சூடேறும்."

கையை எடுத்திட்டார். அது எனக்குப் பெரிய விசயம். ஆறு மணிக்குப் பதினெட்டு. "அக்கா வீட்டிலை ஒரு கறன்ற் ஹீற்றர் இருக்கு, போய் எடுத்துக்கொண்டு வரட்டோ?" எண்டு கேட்டார். அண்டைக்கு அவர் என்னோடை கதைச்ச முதல் முழு வசனம் அது. வேண்டாம் எண்டன். அவையட்டைக் கடன் வாங்கின சூட்டைக் காட்டி ஏமாத்திப்போட்டுப் பிள்ளையளை எப்பிடி வைச்சிருக்கிறது? அந்த நிலம் உண்மையாய்ச் சூடாக வேணும், இல்லாட்டில் எனக்கு அந்த வேலை வேண்டாம்.

வியாழக்கிழமை காலமை எட்டு மணிக்கு ஃபக்டரியிலை இருந்து ரெலிபோன் எடுத்தார். வணக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. "எத்தினை?" "இருபது." வைச்சிட்டார். ஒன்பது மணிக்குத் திரும்பவும். "எத்தினை?" "இருபதரை." பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை திரும்பவும். "எத்தினை?" "இருபத்தொண்டப்பா! ரெலிபோனை வையுங்கோ, அவ கார் நிப்பாட்டிறா."

அந்த மனிசி வாசலிலை நிண்டு தொப்பியும் சால்வையும் கழட்டினா. எங்கடை வீட்டிலை சப்பாத்துக் கழட்ட வேணும் எண்டு நான் சொல்லக் கூச்சப்பட்டு நிண்டன், அவவே கழட்டினா. மஞ்சள் அறைக்குள்ளை காலை வைச்சவ, ஒரு நிமிசம் நிண்டா. குனிஞ்சு உள்ளங்கையை நிலத்திலை வைச்சுப் பார்த்தா. பிறகு, எனக்கு வாழ்நாளிலை மறக்காது, அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா. நான் கதிரை கொண்டுவர ஓடினன். வேண்டாம் எண்டு சிரிச்சா. நிலத்திலை சம்மணம் கட்டி இருந்து, மடியிலை கடுதாசியை வைச்சு எழுதத் தொடங்கினா.

"இந்தக் கிழமை இந்த மாதிரி மிசின் வைச்ச இரண்டு வீட்டுக்குப் போனனான், இரண்டும் குளிர். உங்கடை வீடு எப்பிடி இப்பிடி இருக்கு?" எண்டு கேட்டா.

எப்பிடி எண்டு என்னைக் கேட்டா! பதினொரு வருசம் அந்தப் பள்ளிக்கூடத்திலை என்னட்டை எங்கை, எப்ப, ஏன் இன்னும் முடிக்கேல்லை எண்டு கேட்டிருக்கினம். எப்பிடி எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. நான் அவவுக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்து, லுஃப்ட்குர்ட்ஸ்ஷ்லுஸ் எண்டால் என்ன எண்டு டொச்சிலை ஒரு சொல்லுத் தடக்காமல் விளங்கப்படுத்தினன். ஊதுபத்தியையும் சொன்னன். அவ எழுதிறதை விட்டிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. எழும்பிப் போய் யன்னலாலை மிசினைப் பார்த்தா. பிள்ளையள் கை விடாமல் சுத்திவர ஒரு தடுப்பு வேணும், ஆனால் நல்ல தூரத்திலை, காத்துப் போகக் கூடியதாய் எண்டா. என்ரை மனிசன் அடைப்பார், அவருக்கு அதிலை நல்ல அனுபவம் எண்டன்.

கடைசியாய் என்ரை அன்ட்றாக்கைப் பிரட்டிப் பார்த்தா. "மூண்டு பிள்ளை எண்டு கேட்டிருக்கிறீங்கள். இந்த வீட்டுக்கும் உங்களுக்கும் அஞ்சு பிள்ளை குடுக்கலாம். நான் அஞ்சு எண்டு எழுதிறன், கடிதம் வரும்." எழுதிப்போட்டு, கையெழுத்து வைச்சு, என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினா. நான் சிரிச்சனோ அழுதனோ தெரியாது, இரண்டும்தான் எண்டு நினைக்கிறன்.

அவவின்ரை கார் தெருவைத் திரும்ப முதலே ரெலிபோன் அடிச்சது. பின்னாலை ஃபக்டரி மிசின்களின்ரை இரைச்சல்.

"எத்தினை?"

"அஞ்சு."

"என்ன? அஞ்சோ? ஐயோ, அஞ்சு டிகிரியோ? திரும்பவும் நிண்டு போச்சோ?"

"பிள்ளையளப்பா! மூண்டு கேட்டன், அஞ்சு தந்திருக்கினம்!"

அவர் ரெலிபோனை வைக்க மறந்து, கையிலை பிடிச்சபடி திரும்பி, அந்தப் பாண் ஃபக்டரி முழுக்கக் கேக்கத் தன்ரை உடைஞ்ச டொச்சிலை கத்தினது எனக்கு வடிவாய்க் கேட்டது. "என்ரை மனிசி டாகஸ்முற்றர்!"